வழி தவறிவிட்டோம் என்று சொன்ன கேப்டன்

கொஞ்ச நாள் முன்பு ஓர் இரவு விமானத்தில் வந்து இறங்கியபோது நடந்தது இது. ஊர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. விடாத மழை. சக்கரம் தரையைத் தொட்டதுமே பாதிப் பேர் போனைக் கையில் எடுத்துவிட்டார்கள். "எறங்கியாச்சு, வண்டிய எடுத்துட்டு வந்துடு" என்று பின்சீட்டில் ஒருவர் யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, சற்று தூரம் போய், வேகம் குறைந்து, நின்றுவிட்டது. சன்னலுக்கு வெளியே நனைந்த புல்லும் நீல விளக்குகளும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்துக் கேப்டன் மைக்கில் பேசினார். திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்டோம், அதனால் நிறுத்தியிருக்கிறேன், கட்டுப்பாட்டு டவரிடம் சொல்லிவிட்டோம், வழிகாட்ட ஒரு ஜீப் வருகிறது, அதுவரை உட்கார்ந்தே இருங்கள் என்றார். குரலில் தடுமாற்றம் எதுவும் இல்லை. உடனே சிரிப்பு கிளம்பியது. "ஆகாசத்துல கரெக்டா வந்துட்டு வாசல்ல வந்து வழிய விட்டுட்டாருப்பா" என்று ஒருவர் சொல்ல, இரண்டு மூன்று வரிசை சேர்ந்து சிரித்தது.

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை. சிரித்தவர்கள் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குப் பயணம் முடிந்துவிட்டது; மிச்சம் இருப்பது பெட்டியை இறக்குவது மட்டும். ஆனால் விமான விபத்துகளைப் பற்றி வருடக்கணக்காகத் தேடித் தேடிப் படிப்பவன் நான். அந்தக் கேப்டன் சொன்ன வாக்கியத்தை யாராவது நேரத்தில் சொல்லாமல் போனதாலும், சொல்லியும் எதிர்முனையில் எடுபடாமல் போனதாலும் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். அதனால் அன்று இரவு எனக்கு அவர்மேல் பெரிய மரியாதைதான் வந்தது. அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் விளக்க வார்த்தை கிடைக்கவில்லை. இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

சக்கரம் தரையில் பட்ட பிறகு

இறங்கிய பிறகு விமானிக்கு வேலை குறைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். காக்பிட்டில் நடப்பது வேறு. பெரும்பாலான விமானங்களில் தரையில் திருப்புவதற்குக் கேப்டனின் இடது கைப் பக்கம் டில்லர் என்று ஒரு சின்னப் பிடி இருக்கும். ஓடுபாதையை விட்டு வெளியே வரும்போது கேப்டன் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து ஓட்டுகிறார். அதே நேரத்தில் கோ-பைலட் இறக்கையின் ஃப்ளாப்களை உள்ளே இழுக்க வேண்டும், தரையிறங்கும் விளக்குகளை அணைக்க வேண்டும், வானிலை ரேடாரை நிறுத்த வேண்டும், வாலில் இருக்கும் சின்ன எஞ்சினைக் கிளப்ப வேண்டும், ஓடுபாதையைக் கவனிக்கும் டவரின் அலைவரிசையிலிருந்து, தரையில் நகரும் விமானங்களுக்கு வழி சொல்லும் கிரவுண்ட் அலைவரிசைக்கு மாற வேண்டும். கிரவுண்டில் இருப்பவர் கடகடவென்று வழி சொல்வார்: நவம்பரில் இடது, டாங்கோவில் நேராக, இந்த ஓடுபாதையைக் கடந்ததும் சொல்லுங்கள் என்று. நவம்பர், டாங்கோ என்பவை டாக்ஸிவேகளின் பெயர்; ஓடுபாதைக்கும் முனையத்துக்கும் நடுவே விமானங்கள் நகரும் பாதைகள் அவை. அதை எழுதிக்கொண்டு, திருப்பி ஒப்பித்து, வரைபடத்தில் தேட வேண்டும். ஆக, வெளியே பார்க்க வேண்டிய நாலு கண்களில் இரண்டு உள்ளே குனிந்திருக்கின்றன. அதுவும் ஏழெட்டு மணி நேரம் பறந்து, மழையிலோ பனிமூட்டத்திலோ ஓடுபாதையைக் கண்டுபிடித்து இறக்கி, 'அப்பாடா' என்று தோள் தளரும் நேரத்தில்.

உடம்பும் ஏமாற்றும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டவருக்கு, பிரேக் போட்டு 60க்கு வந்தவுடன் நடந்து போவது மாதிரி இருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் நுழையும் டிரைவர்களுக்கு இது தெரியும். பெரிய விமானங்களில் இன்னும் மோசம்; ஜம்போ ஜெட்டின் விமானி இரண்டு மாடி உயரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதால் தரை மெதுவாக நகர்வதுபோல்தான் தெரியும். பல விமானங்களில் இறக்கையின் நுனி காக்பிட்டிலிருந்து தெரியவே தெரியாது.

தரையில் வழிகாட்டும் அடையாளங்கள் இல்லாமல் இல்லை. அடுத்த முறை சன்னல் ஓரம் கிடைத்தால் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் நீங்கள் இப்போது இருக்கும் டாக்ஸிவேயின் பெயர் அது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அந்தப் பக்கம் திரும்பினால் எங்கே போகும் என்று பொருள். சிவப்பில் வெள்ளை எழுத்து வந்துவிட்டால் முன்னால் ஓடுபாதை, அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. தரையில் மஞ்சள் கோடுகள் நாலு சேர்ந்து வரும்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக்கோட்டுப் பக்கமிருந்து வந்தால் நின்றே ஆக வேண்டும். விட்டுவிட்டு இருக்கும் பக்கமிருந்து, அதாவது ஓடுபாதையிலிருந்து வெளியே வந்தால், நிற்காமல் வால் வரைக்கும் முழுதாகத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இறங்க வருபவருக்கு ஆபத்து. இரவில் டாக்ஸிவேயின் நடுக்கோட்டில் பச்சை விளக்கு, ஓரத்தில் நீலம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் மழைத்தண்ணீர் தேங்கிய தரையில் நூறு விளக்குகள் பிரதிபலிக்கும்போது எது கோடு எது பளபளப்பு என்று பிரிப்பது வேறு வேலை.

கொச்சியில் 2017 செப்டம்பரில் நடந்தது அதுதான். அபுதாபியிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, விடிவதற்கு முன், கொட்டும் மழையில் பத்திரமாக இறங்கிவிட்டது. நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில், திரும்ப வேண்டிய இடம் வருவதற்கு முன்பே திரும்பி, மழைநீர் வடிகாலில் இறங்கிவிட்டது. முன் சக்கரம் உடைந்து மூக்கு தரையில் மோதியது. 102 பயணிகளில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பறந்து வந்த தூரம் முழுக்கச் சரியாக வந்து, கடைசிச் சில நூறு மீட்டரில் நடந்தது. அதுவும் ஒரு வகையில் அதிர்ஷ்டமான தவறு என்பேன். தவறான திருப்பம் அவர்களைக் கொண்டுபோய் விட்டது ஒரு வடிகாலில். ஓடுபாதையில் கொண்டுபோய் விட்டிருந்தால்?

பிராவிடன்ஸ், 1999

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இருக்கும் பிராவிடன்ஸ் விமான நிலையம். 1999 டிசம்பர் 6, இரவு எட்டரை மணி வாக்கு. கடும் பனிமூட்டம். டவரில் இருப்பவருக்குக் கீழே ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடார் அன்று அங்கே கிடையாது. ஆக, எந்த விமானம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு ரேடியோவில் வரும் குரல்கள் மூலம்தான் தெரியும். யுனைடெட் நிறுவனத்தின் 1448, ஒரு போயிங் 757, 'ஐந்து வலது' ஓடுபாதையில் இறங்கியது. நவம்பர், டாங்கோ என்ற டாக்ஸிவேகள் வழியாக முனையத்துக்குப் போகச் சொன்னார் டவரில் இருந்த பெண் அதிகாரி. விமானிகள் சரி என்றார்கள். மூட்டத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு வேறொரு டாக்ஸிவேயில் நுழைந்து, சுற்றி வந்து, சற்று முன் தாங்கள் இறங்கிய அதே ஓடுபாதைக்குள் மறுபடி நுழைந்துவிட்டார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. டவருக்குச் சொன்ன இருப்பிடமும் தப்பு.

இங்கே ஓடுபாதைக்குப் பெயர் வைக்கும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே தார்ப்பட்டைக்கு இரண்டு பெயர். திசைகாட்டியில் சுமார் 50 பாகையை நோக்கிப் போனால் அது 5. எதிர்ப்பக்கமிருந்து வந்தால் 230 பாகை, ஆகவே 23. பக்கத்தில் இணையாக இன்னொன்று இருந்தால் வலது, இடது சேரும். இந்த முனையிலிருந்து வலதாக இருப்பது அந்த முனையிலிருந்து பார்த்தால் இடது. 'ஐந்து வலது'ம் 'இருபத்துமூன்று இடது'ம் ஒரே பட்டைதான். பகலில், வரைபடத்தோடு, மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கே இதைச் சொல்லும்போது கையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பனிமூட்டத்தில், ஒரு பலகை பாதி தெரிய அடுத்த பலகை தெரியாமல் போக, ஒரு முனையில் இறங்கி இன்னொரு திசையிலிருந்து உள்ளே வந்தவர்களின் மண்டையில் அந்த நேரம் என்ன சுற்றியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

அவர்கள் அங்கே நின்று டவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, ஃபெடெக்ஸின் 727 சரக்கு விமானத்துக்குப் புறப்பட அனுமதி போய்விட்டது. அது அதே ஓடுபாதையில் ஓடி, யுனைடெட் விமானத்துக்கு மிக அருகில் மேலே கிளம்பிப் போனது. மூட்டத்துக்குள்ளிருந்து வந்த அந்த இரைச்சலை யுனைடெட் காக்பிட் கேட்டது. யாரோ இப்போதுதான் புறப்பட்டுப் போனார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். நாங்கள் கிலோ டாக்ஸிவே பக்கம் இருக்கிறோம் என்றார்கள். நீங்கள் கிலோ பக்கமே இருக்கக் கூடாதே என்றார் அதிகாரி. நாங்கள் செயலில் உள்ள ஓடுபாதையில் நிற்கிறோம், அதைத்தான் சொல்லப் பார்க்கிறோம் என்று யுனைடெட் மறுபடி சொன்னது. மற்ற விமானங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன், காத்திருங்கள் என்று பதில் வந்தது.

இந்த ரேடியோப் பதிவைப் பல முறை கேட்டிருக்கிறேன். முதலில் கேட்டபோது என் கோபமெல்லாம் விமானிகள் மேல்: இறங்கிய ஓடுபாதைக்கே திரும்பி வருவதா? பிறகு கோபம் அந்த அதிகாரி மேல் திரும்பியது. ஒருவன் கத்திச் சொல்லும்போது காத்திரு என்பதா? இன்னும் கேட்கக் கேட்க அதுவும் கரைந்துபோனது. அவர் மனதில் ஒரு வரைபடம் இருந்தது. அதில் யுனைடெட் 1448 அவர் சொன்ன வழியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. விமானிகள் முதலில் சொன்ன தப்பான இருப்பிடமும் அந்த வரைபடத்தைக் கலைக்கவில்லை. கண்ணால் பார்க்க வழியில்லாத ஒருவர் தன் மனதில் இருப்பதை நம்புவது இயற்கை. அதோடு, வழி தவறியவன் சொல்லும் இருப்பிடத்தை எவ்வளவு தூரம் நம்புவது என்பதும் நியாயமான சந்தேகம்தானே. எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்கள் 'நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்று சொல்கிறார்கள்!

அடுத்து நடந்ததுதான் என்னை இந்தப் பதிவுக்குத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. அதிகாரி அடுத்த விமானத்துக்கு, யுஎஸ் ஏர்வேஸின் மெட்ரோஜெட் 2998க்கு, அதே 'ஐந்து வலது'வில் புறப்பட அனுமதி கொடுத்தார். அந்த விமானிகள் இவ்வளவு நேரமும் அதே அலைவரிசையில் இந்தப் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். அனுமதி என்பது டவரின் வார்த்தை; கிடைத்ததும் கிளம்புவதுதான் வழக்கம். பின்னால் விமானங்கள் வரிசையில் நிற்கும், எரிபொருள் எரிந்துகொண்டிருக்கும், கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். மெட்ரோஜெட் கேப்டன் மறுத்துவிட்டார். யுனைடெட் விமானம் முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று உறுதியாகும்வரை எந்த ஓடுபாதைக்கும் நாங்கள் வரப்போவதில்லை என்றார். குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகவே சொன்னார். அந்த அலைவரிசையில் அன்று யுனைடெட் விமானிகளை நம்பியது அவர் ஒருவர்தான். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியாது. அவர்கள் சொன்ன இடம் சரியா தப்பா என்று அவர் கணக்குப் போடவில்லை. வழி தெரியாத விமானம் ஒன்று இந்த மூட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறது, அது போதும் என்று முடிவெடுத்தார்.

யுனைடெட் முனையம் சேர்ந்த பிறகுதான் மெட்ரோஜெட் புறப்பட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த நிகழ்வை எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு மற்ற சில நிகழ்வுகளோடு சேர்த்து ஓடுபாதைப் பாதுகாப்புக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. பின்னாளில் பிராவிடன்ஸுக்குத் தரை ரேடாரும் வந்தது.

சொன்னது எடுபடாமல் போன இடங்கள்

பிராவிடன்ஸில் நடந்ததை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாமா என்று எனக்குள்ளேயே வாதாடியிருக்கிறேன். முடியவில்லை. காரணம், அதற்கு முன்னும் பின்னும் நடந்த இரண்டு விபத்துகள். இரண்டும் புறப்படப் போகும் விமானங்கள்தான், இறங்கி வந்தவை அல்ல. ஆனால் மூட்டத்தில் தொலைந்துபோவதற்கு வந்தாலும் போனாலும் ஒன்றுதான்.

1990 டிசம்பர் 3, டெட்ராய்ட். நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் டிசி-9 மூட்டத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டது. பல வருட மருத்துவ விடுப்புக்குப் பின் அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்த கேப்டன், இந்த விமான நிலையம் கோ-பைலட்டுக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பினார். கோ-பைலட்டும் தனக்குத் தெரிந்த மாதிரியே பேசிக்கொண்டு வந்தார். எங்கே இருக்கிறோம் என்ற சந்தேகம் இருவருக்கும் வந்தது. ஆனாலும் சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது. ஓடுபாதையில் நிற்கிறோம் என்று கடைசியில் கண்டுபிடித்துச் சொல்லும்போது, அதே நிறுவனத்தின் 727 ஒன்று அதே ஓடுபாதையில் புறப்பட ஓடத் தொடங்கியிருந்தது. அதன் இறக்கை டிசி-9ஐக் கிழித்துக்கொண்டு போனது. டிசி-9இல் எட்டுப் பேர் இறந்தார்கள்.

2001 அக்டோபர் 8, இத்தாலியின் மிலான் நகரத்து லினாட்டே. இங்கேயும் மூட்டம், இங்கேயும் தரை ரேடார் வேலை செய்யவில்லை. ஒரு சின்ன செஸ்னா ஜெட்டை ஆர்-5 என்ற டாக்ஸிவே வழியாகப் போகச் சொன்னார்கள். அது ஆர்-6இல் போனது. இதில் என்னை உலுக்குவது ஒரு சின்ன விவரம். அந்த விமானி தரையில் எழுதியிருந்ததைப் படித்து, எஸ்-4ஐ நெருங்குகிறேன் என்று சொன்னார். அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த ஒரு குறியே அவர் தப்பான பாதையில் இருப்பதைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எஸ்-4 என்று ஒரு குறி இருப்பதே தெரியாது. அவர்கள் கையில் இருந்த வரைபடங்களில் அது இல்லை. தரையில் யாரோ எப்போதோ பெயின்ட் அடித்த குறி. தொடர்ந்து போகச் சொல்லிவிட்டார். செஸ்னா ஓடுபாதைக்குள் போனது, எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-87 புறப்பட்டு வந்து மோதியது, பயணிகளின் பெட்டிகளைக் கையாளும் கட்டடத்தில் போய் முடிந்தது. 118 பேர் இறந்தார்கள். அதில் நாலு பேர் அந்தக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், திருப்பத்தைத் தவறவிட்டது மூன்றிலும் பொது. அதைத் தடுக்க எவ்வளவு முயன்றாலும் முழுக்கத் தடுக்க முடியாது என்றே நினைக்கிறேன். மழை பெய்யும், பலகை மறையும், களைப்பு இருக்கும். வித்தியாசம் அதற்கு அப்புறம்தான் வருகிறது: சந்தேகம் வந்த கணத்தில் சக்கரம் நின்றதா, வாய் திறந்ததா, காது கொடுத்துக் கேட்க ஒருவராவது இருந்தாரா.

சில நேரம் சந்தேகமே வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் வெளிப்பக்க ஓடுபாதைகளில் விமானங்கள் இறங்கும், உள்பக்க ஓடுபாதைகளிலிருந்து புறப்படும். இறங்கிய ஒவ்வொரு விமானமும் முனையத்துக்குப் போக, புறப்படும் ஓடுபாதையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். 2007 ஆகஸ்டில் கனடாவிலிருந்து வந்த வெஸ்ட்ஜெட் 737 இறங்கியதும், சீக்கிரமே கிரவுண்ட் அலைவரிசைக்கு மாறிவிட்டது. கிரவுண்டில் இருந்தவர், இவருக்குக் கடக்க டவர் அனுமதி கொடுத்துத்தான் அனுப்பியிருக்கும் என்று நினைத்து முனையத்துக்கு வழி சொல்லத் தொடங்கினார். விமானிகள் தங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொண்டார் என்று நம்பினார்கள். புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு ஏர்பஸ்ஸின் இறக்கைக்கும் வெஸ்ட்ஜெட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி 37 அடி. 2010 ஜூன் 30 முதல் அமெரிக்காவில், வழியில் எத்தனை ஓடுபாதை குறுக்கிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் தனியாக, வாய்விட்டு அனுமதி சொல்ல வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அதுவரை 'இந்த ஓடுபாதைக்குப் போ' என்றால் வழியில் உள்ள மற்றதையெல்லாம் கடக்கலாம் என்று அர்த்தமாகி வந்தது.

மெமோ பயம்

என் சித்தப்பா அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பிராவிடன்ஸ் கதையை அவரிடம் ஒரு நாள் சொன்னேன். யார் மேல் தப்பு என்று அவர் கேட்கவே இல்லை. "ராத்திரி சர்வீஸ்ல ரூட் மாறிப் போறது யாருக்கும் நடக்கும்ப்பா. உடனே வண்டிய ஓரங்கட்டி கண்டக்டர்கிட்ட சொல்லிட்டா ஒண்ணும் ஆகாது. எப்படியாச்சும் சுத்திப் போய்ச் சேர்ந்துக்கலாம், யாருக்கும் தெரியப்போறதில்லன்னு நெனச்சு ஓட்டுறான் பாரு, அங்கதான் மாட்டிப்பான்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சொன்னா மெமோ வரும்னுதான் பாதிப் பேரு சொல்லமாட்டான்" என்று சேர்த்துக்கொண்டார்.

விமானத் துறையில் இதைப் புரிந்துகொள்ள ஒரு மலையே தேவைப்பட்டது. 1974 டிசம்பர் 1ஆம் தேதி, வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த டிடபிள்யூஏ 514 ஒரு மலையில் மோதி எல்லாரும் இறந்துபோனார்கள். கட்டுப்பாட்டு அதிகாரி கொடுத்த அனுமதியை விமானிகள் புரிந்துகொண்ட விதத்தில் கோளாறு. சில வாரங்களுக்கு முன்பே யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வழியே இல்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் 1976இல் நாசாவின் பொறுப்பில் ஓர் அறிக்கை முறை வந்தது. விமானி தான் செய்த தவறைத் தானே எழுதி அனுப்பலாம். பெயர் நீக்கப்படும். வேண்டுமென்று செய்யாத தவறாக இருந்து, பத்து நாளுக்குள் எழுதியிருந்தால், விமானப் போக்குவரத்துத் துறை தண்டனை கொடுக்காது. தண்டிக்க வேண்டிய துறையிடமே அறிக்கையை வாங்கச் சொல்லாமல் நாசாவிடம் கொடுத்ததுதான் இதில் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். திருப்பத்தைத் தவறவிட்டது, நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டியது என்று எத்தனையோ விமானிகள் எழுதியதை நாம் இன்று படிக்க முடிவது இதனால்தான்.

நம் ஊருக்கு வருவோம். 2024 மார்ச்சில் கொல்கத்தாவில், சென்னைக்குப் புறப்படக் காத்து நின்றிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையில், தரையில் நகர்ந்து போன இண்டிகோ விமானத்தின் இறக்கை உரசியது. இரண்டு விமானமும் சேதம், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இண்டிகோ விமானிகள் இருவரையும் உடனே பணியிலிருந்து விலக்கிவைத்தது. விசாரணை நடக்கும்போது அப்படிச் செய்வது வழக்கம்தான். அதைக் குறை சொல்லவில்லை. என் கவலை செய்தி போய்ச் சேரும் விதத்தில். 'விமானிகள் நீக்கம்' என்ற தலைப்பை அன்று எல்லாரும் படித்தோம். அதற்கப்புறம் விசாரணையில் என்ன தெரிந்தது, எந்த வளைவில் இடைவெளி குறைவு, எந்தக் கோடு அழிந்திருந்தது என்பதைப் படித்தவர் எத்தனை பேர்? தலைப்பை மட்டும் படித்த இளம் கோ-பைலட் ஒருவர் அடுத்த மழை இரவில் ஒரு பலகையைத் தவறவிடும்போது, சட்டென்று வாயைத் திறப்பாரா, அடுத்த திருப்பத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று பேசாமல் இருப்பாரா? காக்பிட்டில் கேப்டனைப் பார்த்து "சார், இது நம்ம பாதை இல்லைன்னு தோணுது" என்று சொல்வதற்கே நம் ஊரில் தனித் தைரியம் வேண்டும். அது தப்பாகிப்போனால் சிரிப்பார்கள். சரியாகிப்போனால் கேப்டனின் முகம் வாடும்.

இப்போது பல காக்பிட்களில் விமானம் இருக்கும் இடத்தை விமான நிலைய வரைபடத்தின் மேலேயே காட்டும் திரை இருக்கிறது. சில நிலையங்களில், யாராவது ஓடுபாதையில் இருந்தால் தரையில் தானாகவே சிவப்பு விளக்கு எரிகிறது. இவை எல்லா விமான நிலையத்துக்கும் வர வேண்டும் என்று யாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. தரையில் நடக்கும் தவறுகள் பற்றி நம் அமைப்புகள் வெளியிடும் அறிக்கைகளில் திருப்பம் எங்கே தவறியது என்பதோடு ஒரு பகுதி கட்டாயமாக இருக்க வேண்டும்: சந்தேகம் முதலில் யாருக்கு வந்தது, வந்த பிறகு எவ்வளவு தூரம் ஓடி நின்றார்கள், டவரிடம் எப்போது சொன்னார்கள், டவர் என்ன பதில் சொன்னது, அதே அலைவரிசையில் இருந்த மற்றவர்கள் என்ன செய்தார்கள். உடனே நிறுத்திச் சொன்னவர்களின் பெயர் வேண்டாம், ஆனால் அவர்கள் செய்தது அந்த அறிக்கையில் நல்ல முன்மாதிரி என்றே எழுதப்பட வேண்டும், பயிற்சி வகுப்பில் அது வாசிக்கப்பட வேண்டும்.